மேலே நின்று கூப்பிடாதீர்கள்

நெடுவிரிசல் பள்ளத்தாக்கில் இறங்குவதற்கு முன்னூற்றுப் பன்னிரண்டு படிகள். ஏறுவதற்கு எத்தனை என்பது, மேலே யார் காத்திருக்கிறார்கள், எவ்வளவு அவசரமாகக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். யாரும் காத்திருக்காவிட்டால் அதே முன்னூற்றுப் பன்னிரண்டு. அரைமனதாகக் காத்திருந்தால் பத்து இருபது கூடும். கண்ணை எடுக்காமல், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, இன்னும் வரவில்லையே, இன்னும் வரவில்லையே என்று ஒருவர் நின்றால், கீழிருந்து வருகிறவர் ஒரு படி ஏற மேலே ஒரு படி முளைக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் குடியிருக்கும் மேலவிரிசல் ஊர்க்காரர்களுக்கு இது வெயிலில் துணி காய்வதைப் போன்ற சங்கதி. வந்தவர்களை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பஞ்சாயத்து மட்டும் படி தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை நட்டு, ‘மேலே நின்று கூப்பிடாதீர்கள்’ என்று எழுதி வைத்திருந்தது. கூடாரம் போட்டுத் தங்க வரும் வெளியூர்க் குடும்பங்கள் அதைப் படித்து, பாறையில் தேன்கூடு இருக்கிறது போலிருக்கிறது, சத்தம் போடக் கூடாதாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள்.

பொற்கொடியும் பலகையைப் படித்தாள். அவள் ஒரு பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். பதினோரு வருடங்களாக வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுவதுதான் அவள் வேலை. பலகை என்றால் அதில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி நடத்திவைக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. அதனால் அவள் மேலே நின்று கூப்பிடவில்லை. கைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினாள்.

அது சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. கோடை விடுமுறை முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று காலைதான் அவளும் கணவரும் இரண்டு பிள்ளைகளுமாக நால்வரும் தொப்பி, தண்ணீர், எலுமிச்சைச் சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகச் சிவந்த பாறை, நடுவே ஆறு என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு ஊர்ந்துபோகும் தண்ணீர். நான்கு வயது மாறன் பதினைந்து அடிக்கு ஒரு முறை நின்று, “இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் அவன் அப்பா சிவநேசன் ஏதாவது ஒரு கல்லைக் காட்டி, “அதோ, அந்தக் கல்லு வரைக்கும்தான்” என்றார். அந்தக் கல் வந்ததும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். இப்படி மாட்டுத்தலைக் கல், இட்லிக் கல், தூங்கும் தாசில்தார் என்று பள்ளத்தாக்கு முழுவதும் பெயர் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டார்கள். ஏழு வயது ஆதிரை முன்னால் ஓடி ஓடித் திரும்பி வந்ததில் ஆறு கிலோமீட்டர் நடந்திருப்பாள். பொற்கொடி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு குட்டையிலும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அவள் முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

திரும்பும்போது அவள் மாறனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆதிரையை முன்னே விட்டு, கால்மணியில் மேலே ஏறிவிட்டாள். அவர்களுக்காக மேலே யாரும் காத்திருக்கவில்லை அல்லவா. சிவநேசன் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். பாறை அடுக்குகளை வரைந்துகொண்டிருந்தவர், “நீ போ கொடி, இந்த ஒரு மடிப்பு முடிச்சுட்டு வந்துடறேன்” என்று கீழே தங்கிவிட்டார். பத்து நிமிடத்தில் அவர் ஏற ஆரம்பித்ததை அவள் பார்த்தாள். முக்கால்வாசிக்கு மேல் வந்ததையும் பார்த்தாள். அப்போதுதான், ஐந்து நாற்பது பேருந்துக்குள் கூடாரத்தை மடித்து மூட்டை கட்ட வேண்டுமே என்ற நினைப்பில் விசில் ஊதினாள்.

சிவநேசன் முப்பது படி கீழே இருந்தார். வேகமாக ஏறினார். முப்பது படி கீழே இருந்தார்.

“ஏங்க, ஏன் நின்னுட்டீங்க?”

“நிக்கலையே. ஏறிட்டுத்தான் இருக்கேன்.”

“ஏறுறவரு ஏன் அங்கேயே இருக்கீங்க?”

“அதான் எனக்கும் புரியல” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனாலும் பெரிதாகக் கவலைப்படாமல். அவருக்கு எதிலும் பெரிதாகக் கவலைப்படத் தெரியாது. அது பொற்கொடிக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துபோன விஷயம்.

நான்கரைக்கும் முப்பது படி. ஐந்துக்கும் முப்பது படி. ஐந்து நாற்பது பேருந்து ஆரன் அடித்துவிட்டு அவர்கள் இல்லாமல் போனது. வெயில் இறங்கும் நேரத்தில் கூடாரங்களுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் கனகா கையில் ஒரு தூக்குவாளியோடு வந்து, படி விளிம்பில் நிற்காமல் கொஞ்சம் தள்ளியே நின்று கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரருக்குக் காரம் ஆகுமாக்கா?”

“என்னது?”

“ராத்திரிக்கு மொளகு ரசம். காரம் ஆகாதுன்னா மோர் கொடுத்தனுப்புறேன். எத்தன படியில நிக்கறாரு?”

“முப்பது.”

“முப்பது தேவலாம். நூத்துக்கு மேல போய் மாட்டிக்கிட்டாங்கன்னா சோறு போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிப்போயிடும்” என்று சொல்லிவிட்டு, கனகா சாவகாசமாக இறங்கி, சிவநேசனிடம் வாளியைக் கொடுத்து, பாத்திரத்தைக் காலையில் கொடுத்தால் போதும் என்று சொல்லி, அதே சாவகாசத்தோடு ஏறி வந்துவிட்டாள். அவளுக்காக மேலே யாரும் காத்திருக்கவில்லை.

பிறகு அவள் பொற்கொடிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் பொற்கொடி, “அப்ப நான் இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் செய்ய வேணாம். அவரு வரட்டும்னு நிக்காம இருக்கணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா” என்றாள் பொற்கொடி, அது அவ்வளவுதான் என்று அப்போது அவளுக்கு உண்மையாகவே தோன்றியதால்.

மறுநாள் காலையில் அவள் படிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துணி துவைத்தாள். கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மாறனுக்கு நகம் வெட்டினாள். வெட்டும்போது காதை மட்டும் படிகள் பக்கமே வைத்திருந்தாள். மத்தியானம் கனகா கீழே போய் வந்து, “முப்பத்தி நாலு” என்றாள். பொற்கொடிக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் வந்ததில் சாயங்காலம் முப்பத்தி ஒன்பது ஆயிற்று. கைபேசியில் அழைத்து, “எங்க இருக்கீங்க?” என்று கேட்டாள், பழக்கத்தில் கேட்டுவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு ஐந்து படி கூடியது.

“போனை அணைச்சு வைங்கம்மா” என்றான் பன்னீர். அவன் லாரி டிரைவர். அண்ணன் பச்சையப்பனுக்காக அந்த ஊரில் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். முதலில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தான், பிறகு லாரிக்குள் படுத்துக் காத்திருந்தான், இப்போது லாரிக்குப் பந்தல் போட்டு, சுரைக்கொடி ஏற்றி, அதன் கீழ் உட்கார்ந்து காத்திருக்கிறான். பச்சையப்பன் மேலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் மெஸ்ஸுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தான். தம்பி இப்படி நிற்கிறானே என்று அவனுக்கு வருத்தமுமில்லை. “அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எறங்கிப் போச்சு. மேல வரட்டும், கேக்குறேன்” என்பான் பன்னீர். கேட்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்வரை பச்சையப்பன் வரமாட்டான் என்பது பன்னீர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப் படிகளில் இருப்பவர்கள் அந்த வருடம் ஐந்து பேர். ஊர் அவர்களை ஒரு தெருவாகவே வைத்துக்கொண்டிருந்தது. படித்தெரு என்று பெயர். செவ்வாய்க்கிழமைகளில் முடிவெட்டுபவர் நாற்காலி இல்லாமல் இறங்கிப் போவார், உட்காரத்தான் படி இருக்கிறதே. தபால்காரர் முகவரியில் படி எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்வார், மாறினால் அழித்து எழுதலாம் என்று. தேர்தலின்போது வாக்குப்பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். மழை பெய்தால் பெரிய தார்ப்பாயை ஊரே சேர்ந்து படிகளின் மேல் விரித்துப் பிடிக்கும். ஊர்க்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை, ஏனென்றால் மேலவிரிசலில் யாரும் யாரையும் வழியனுப்புவதில்லை, யாரையும் எதிர்கொண்டு அழைப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை வாசலில் நின்று பார்க்கும் தாய் அங்கே கிடையாது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆறு மாதம் கழித்து வந்தால், அப்பா முறத்தை நீட்டி, இதைக் கொஞ்சம் புடை, கை வலிக்குது என்பார். பாசம் இல்லாதவர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சையும் மேலவிரிசல்காரர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், “படித்தெருவுல” என்றாள் ஆதிரை, நம் வீடு நேரு தெருவில் என்று சொல்வதைப் போல. சிவநேசன் அங்கேயே ஓவிய வகுப்பு தொடங்கிவிட்டார். ஊர்ப்பிள்ளைகள் பதினைந்து பேர் காலையில் இறங்கிப்போய், படிக்கு இருவராக நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே தாளின் மேல் நாலு தலை கவிழ்ந்து, எதிர்ப்பாறையை வரைந்தார்கள். ஆதிரையும் போய் வருவாள். அவள் எப்போது வருவாள் என்று பொற்கொடிக்குக் கவலையில்லாததால் சீக்கிரமே ஏறி வந்துவிடுவாள். மாறன் மட்டும் திடீர் திடீரென்று விளிம்புக்கு ஓடி, “அப்பா, மேல வா” என்று கத்துவான். பொற்கொடி பயந்து அவன் வாயைப் பொத்தினாள்.

“விடுங்கக்கா, அவன் கூப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்றாள் கனகா. “நாலு வயசுப் புள்ள அப்பனுக்காகக் காத்திருக்கிறது ஈ உக்கார்ற மாதிரி. உக்காரும், பறந்துடும்.”

“அம்மாவுக்குன்னா?”

“அம்மாவுக்குன்னா அட்டை.”

அதைப் பொற்கொடி விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை, படிகள் ஐம்பத்தைந்து என்று கேள்விப்பட்டதும் பொறுக்க முடியாமல், பிள்ளைகளைக் கனகாவிடம் விட்டுவிட்டுத் தானே இறங்கிப் போனாள்.

சிவநேசன் ஒரு படியில் சாய்ந்து உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது, முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஒரு சுற்று இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்து, பக்கத்தில் படியைத் தட்டி இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

“நீங்க வர்றதா இல்லையா?”

“ஏறிட்டேதான் இருக்கேன் கொடி. காலைல மட்டும் எரநூறு ஏறியிருப்பேன். கால் ரெண்டும் கல்லாட்டம் ஆயிடுச்சு, பாரு.”

“ஒரு அவசரம் இருக்கா உங்ககிட்ட? திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. எனக்கு ஞாயித்துக்கெழமையோட லீவு முடியுது. அன்னிக்கு அஞ்சு நாப்பதுக்கு நான் புள்ளைங்களோட பஸ் ஏறியாகணும். நீங்க என்னடான்னா பென்சில் சீவிட்டு இருக்கீங்க.”

“அவசரத்தைத்தான் நீ மொத்தமா வச்சிருக்கியே. எனக்கு எங்க மிச்சம்?” என்றார் அவர். பிறகு, பென்சிலின் கூர்மையை விரலால் பார்த்துக்கொண்டே, “கல்யாணம் ஆன நாள்லேருந்து உனக்குப் பின்னால முப்பது படி கீழதான் வந்துட்டு இருக்கேன். இப்பத்தான் அது உன் கண்ணுக்குத் தெரியுது” என்றார்.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அதனால் அவளுக்கு அதிகமாக வலித்தது. அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவருமாகச் சேர்ந்து ஏறினார்கள், அவள் இழுக்க அவர் வர. இருபது படி ஏறியதும் மேலே மாறன் அழுகிற சத்தம் கேட்டது. அம்மா, அம்மா என்று அழுதான். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் கையை விட்டுவிட்டு அவள் ஓடினாள். மணி அப்போது பதினொன்று. ஓடினாள், ஏறினாள், கையை ஊன்றி ஏறினாள். மஞ்சள் பலகையின் கீழ்முனை தலைக்கு மேலே தெரிந்தது, தெரிந்தபடியே இருந்தது. குழந்தை அழுது, ஓய்ந்து, தேம்பி, மறுபடி அழுதான். கனகா முறுக்கு கொடுத்தாள், ஆட்டுக்குட்டியைக் காட்டினாள், பன்னீர் அவனை லாரியின் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தான். மூன்று மணி வரைக்கும் அவன் மனம் மாறவில்லை. பிறகு அழுத களைப்பில் தூங்கிப்போனான். தூங்கிய நிமிடத்தில் பொற்கொடி மேலே வந்து விழுந்தாள்.

முட்டி இரண்டும் சிராய்த்திருந்தன. அவள் தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அங்கேயே நின்றுபோயிருந்தால் மேலே இந்த இரண்டும் தனியாக இருந்திருக்குமே என்று நினைத்து, அந்த நினைப்பை அப்பால் தள்ள முடியாமல், சாயங்காலம் வரைக்கும் அசையாமல் இருந்தாள். இனி கீழே போவதில்லை என்று முடிவு செய்தாள். அதன் பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவோ அவளுக்குத் தெரியாத வேலை.

“எப்படித்தான் காத்திருக்காம இருக்கிறது, சொல்லேன்” என்று கனகாவைக் கேட்டாள்.

கனகா யோசித்தாள். “எங்களுக்கு அது தெரியாதேக்கா. நீங்க எப்படிக் காத்திருக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, அந்த மாதிரி.”

“இதுவரைக்கும் நின்னவங்க எல்லாம் எப்படி வந்தாங்க?”

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. ஒரு பேங்க் அம்மா இருந்துச்சு. வீட்டுக்காரரு கீழ மாட்டிக்கிட்டாரு. மொதல்ல வாராவாரம் வரும், தீபாவளிக்குத் துணி எடுத்தாரும். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ. ஊருக்குப் போயும் காத்திருந்திருக்கு போல, படி கொறையவேயில்ல. ஒரு வருசம் கழிச்சு ஒரு நாளு மனுசன் விறுவிறுன்னு ஏறி வந்துட்டாரு. சுத்திப் பார்த்தாரு. யாருமில்ல.”

“சந்தோஷப்பட்டிருப்பாரே.”

“இல்லக்கா. அந்த மஞ்சப் பலகைகிட்ட உக்காந்து அழுதாரு. வந்துட்டோமே, அப்ப அவ விட்டுட்டாளேன்னு.”

வியாழன் முழுவதும் பொற்கொடி அந்த மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டால் வருவார், ஆனால் விட்டுவிட்டவளிடம் அல்லவா வருவார். விடாமல் பிடித்துக்கொண்டாலோ ஐம்பத்தைந்து படி, அறுபது படி என்று தள்ளித் தள்ளிப் போவார். கூடாரத்தைச் சுற்றி நடந்தாள். பேருந்து நிற்கும் புளியமரத்துக்கும் படி விளிம்புக்கும் நடுவே நடந்தாள். வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் மூட்டை மூட்டையாக நிலக்கடலை உடைத்துக் கொடுத்தாள். கைதான் உடைத்தது. சனிக்கிழமை இருக்கிற பாத்திரங்களையெல்லாம் தேய்த்தாள். இருப்புக்கொள்ளாமல் செய்கிற வேலை எல்லாம் காத்திருப்பதன் இன்னொரு உருவம்தான் என்று படிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தன. சனிக்கிழமை மாலை அறுபத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூட்டை கட்டிவிட்டாள். அவருடைய சட்டைகளைத் தனியாக ஒரு பையில் வைத்து, கனகாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னாள். கனகா பையை வாங்கி மெஸ் வாசல் ஆணியில் மாட்டினாள். மூன்று மணி. ஐந்து நாற்பதுக்குப் பேருந்து. பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடலாம் என்று ஆதிரையைக் கூப்பிட்டாள். ஆதிரை இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

“ஏண்டி இப்படிச் சொறியற?”

“அரிக்குதும்மா. வகுப்புல எல்லாருக்கும் அரிக்குது.”

பொற்கொடி அவள் பின்னலைப் பிரித்தாள். வகிட்டின் ஓரமாக ஒன்று ஓடியது. இன்னும் கொஞ்சம் முடியை விலக்கினாள். காதுக்கு மேலே ஈர் வரிசையாக, மணி கோத்தாற்போல் ஒட்டியிருந்தது. ஐந்து நாள் ஒரே தாளின் மேல் நாலு தலை கவிழ்ந்து படம் வரைந்ததன் பலன்.

“அய்யய்யோ, இந்தத் தலையோட நாளைக்கு எப்படி ஸ்கூலுக்கு விடறது” என்றாள் அவள். கனகா கேட்காமலே உள்ளே போய்ப் பேன்சீப்பும், ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயும், ஒரு பழைய வெள்ளை வேட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பேன் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது எப்படி ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று. பொற்கொடி வேட்டியை விரித்து, வெயிலுக்கு முகம் காட்டி உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் சாய்த்து, முதல் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் பார்த்தாள். ஆறாவது நிமிடத்தில் ஒரு பெரிய பேன், கறுத்துக் கொழுத்தது, நகத்துக்குத் தப்பி உச்சியை நோக்கி ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு அவள் போனாள். முடிக்கு நடுவில் முடி, அதற்கு நடுவில் இன்னும் மெல்லிய முடி, அதன் அடியில் வெளிறிய தலைத்தோல், குழந்தையின் வியர்வை வாசனையும் எண்ணெய் வாசனையும் பள்ளத்தாக்குப் புழுதியும் கலந்த ஒரு வாசனை. அங்கே சந்துகள் இருந்தன, திருப்பங்கள் இருந்தன, ஒளிந்துகொள்ள இடங்கள் இருந்தன. ஈரை இரண்டு நகங்களுக்கிடையில் வைத்து முடியின் நுனி வரைக்கும் உருவி எடுக்க வேண்டும், பாதியில் விட்டால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அவள் விடவில்லை.

“வலிக்குதும்மா.”

“அசையாத. தப்பிச்சுடும்.”

“பெருசா?”

“நம்ம ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கு.”

ஆதிரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தலை ஆடியது. தலையில் ஒரு குட்டு விழுந்தது. மாறனுக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள், பிடிக்கிற பேனை அதில் போட்டு எண்ணுவது அவன் வேலை. அவன் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, அவற்றில் எது நீந்துகிறது என்று பார்த்தான். பதினாலுக்குப் பிறகு பதினெட்டு என்றான். அவனைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

கனகா மெஸ் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பன்னீர் சுரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினான். ஐந்து நாற்பது பேருந்து, அன்றைக்கு அதிசயமாக ஐந்து நாற்பதுக்கே வந்து, புளியமரத்தடியில் நின்று, ஆரன் அடித்தது. மறுபடி அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து, கட்டி வைத்த மூட்டைகளையும், அவற்றுக்குப் பக்கத்தில் மகளின் தலைக்குள் குனிந்திருந்த பெண்ணையும் பார்த்து, “வரீங்களாம்மா?” என்று கேட்டார். பதினோரு வருடத்தில் ஒரு வண்டியையும் தாமதமாக விட்டறியாத பொற்கொடி, தலையைத் தூக்காமல், கையை மட்டும் பின்பக்கமாக வீசி, “போ போ, கெளம்பு” என்றாள். அவளுக்கு அது பேருந்து என்றே பதியவில்லை. பேருந்து போயிற்று. கனகா அரிசி களைவதை ஒரு கணம் நிறுத்தி, படிகள் பக்கம் திரும்பிவிடாமல், மறுபடி களைய ஆரம்பித்தாள்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பேன் பார்க்கிறவர்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம், இருக்கிற வெளிச்சத்துக்குள் முடித்தாக வேண்டும். உச்சி முடிந்தது. வலப்பக்கம் முடிந்தது. பிடரி முடியப்போகும் நேரத்தில் ஆதிரையின் தலைமேல் நிழல் விழுந்தது.

“யாரது, வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்றாள் பொற்கொடி.

நிழல் இடப்பக்கம் நகர்ந்தது.

“அங்கயும் மறைக்குது. உக்காருங்க, இல்லாட்டி அந்தாண்ட போங்க.”

நிழல் உட்கார்ந்தது. மெதுவாக, காலை நீட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அவள் பிடரியின் கடைசி இழையை உருவி முடித்து, சீப்பை வேட்டியில் தட்டி, எங்காவது விட்டிருக்கிறோமா என்று ஒரு தடவை முடியை அளைந்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள். மகன் தட்டில் நாற்பது என்றான்.

“எடது காதுக்குப் பின்னால ஒண்ணு ஓடுது பாரு” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

பொற்கொடி அங்கே விரலை வைத்தாள். இருந்தது. பிடித்தாள், நகத்தில் வைத்து நசுக்கினாள். அதற்குப் பிறகுதான் அவள் கை நின்றது.